ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்வந்தால் கிரீன் கார்டு தங்குமா?

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போய்த் தலையைக் காட்டிட்டு வந்தா போதும்." அமெரிக்காவில் மகனோ மகளோ இருக்கும் வீடுகளில் இந்த வாக்கியம் கிட்டத்தட்ட சட்டம் மாதிரியே புழங்குகிறது. அப்பாவுக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது, அம்மாவைத் தனியாக விட முடியாது, வேலை போய்விட்டது, பிள்ளை இரண்டு வருடம் தாத்தா பாட்டியோடு இருந்து தமிழ் படிக்கட்டும் என்று காரணம் எதுவானாலும், கொஞ்ச காலம் ஊரோடு இருக்க நினைக்கும் கிரீன் கார்டுக்காரருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான்.

2025 தொடக்கத்தில் இந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. குளிர்காலத்தை இந்தியாவில் கழித்துவிட்டுத் திரும்பிய வயதான பெற்றோரை அமெரிக்க விமான நிலையங்களில் உட்காரவைத்து, கார்டைத் திருப்பிக் கொடுப்பதாகக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்று செய்திகள் வந்தன. புதுச் சட்டம் வந்துவிட்டதோ என்று பலர் பதறினார்கள். அப்படி எதுவும் வரவில்லை. பல பத்தாண்டுகளாக இருக்கிற சட்டத்தைத்தான் கறாராகப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தச் சட்டத்தில் ஆறு மாதம் என்ற கணக்கு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் உறவினர்கள் சொல்லும் அர்த்தத்தில் இல்லை. குழப்பம் முழுக்க அங்கேதான்.

கார்டு வேறு, அந்தஸ்து வேறு

கிரீன் கார்டு என்று நாம் சொல்வது ஐ-551 என்ற எண் கொண்ட ஓர் அட்டை. 'சட்டப்படியான நிரந்தர வசிப்பாளர்' என்ற அந்தஸ்துக்கு அது சாட்சி, அவ்வளவுதான். வழக்கமான அட்டை 10 வருடம் செல்லும். அது காலாவதியானால் அந்தஸ்து காலாவதியாகாது. ஐ-90 படிவம் போட்டுப் புது அட்டை வாங்கிக்கொள்ளலாம். இதன் மறுபக்கம்தான் பலருக்குப் புரிவதில்லை. அட்டையில் இன்னும் ஏழு வருடம் பாக்கி இருக்கலாம். அந்தஸ்தின் கதை எப்போதோ முடிந்திருக்கலாம்.

(திருமணத்தின் மூலம் 2 வருட நிபந்தனை அட்டை வாங்கியவர்கள் கதை தனி. காலாவதிக்கு முந்தைய 90 நாளுக்குள் ஐ-751 மனு போட்டாக வேண்டும். ஊரில் இருந்தோம், மறந்துவிட்டோம் என்பது அங்கே எடுபடாது.)

அந்தஸ்து போவதற்கு, மற்ற காரணங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், இந்தக் கட்டுரைக்கு வேண்டிய வழி ஒன்றுதான்: 'வசிப்பைக் கைவிடுதல்'. கைவிட்டீர்கள் என்று குடியேற்ற நீதிமன்றம் இறுதியாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும், அல்லது நீங்களே ஐ-407 படிவத்தில் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். விமான நிலையக் கவுண்டரில் இருக்கும் அதிகாரிக்குத் தன் விருப்பப்படி அந்தஸ்தைப் பறிக்கும் அதிகாரம் கிடையாது.

மூன்று எல்லைக்கோடுகள்

நாள் கணக்கு முற்றிலும் பொய் இல்லை. மூன்று கோடுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு தனி வேலை செய்கிறது.

1. 180 நாள். இதற்குள் திரும்புகிறவரைச் சட்டம் பொதுவாக வீடு திரும்புகிறவராகப் பார்க்கிறது. தாண்டிவிட்டால், புதிதாக நுழைவு அனுமதி கேட்பவர்போல முழுச் சோதனைக்கும் உட்படுத்தலாம். அந்தஸ்து போயிற்று என்று அர்த்தமில்லை, கேள்விகள் கூடும். இதில் முக்கியமான விஷயம், இந்த 180 நாள் சலுகையைச் சொல்லும் அதே சட்டப்பிரிவு விலக்குகளையும் வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையில் முதலில் நிற்பவர், வசிப்பைக் கைவிட்டவர். அதாவது கைவிட்டவர் என்று கருதப்பட்டால், ஐந்து மாதத்தில் திரும்பினாலும் சலுகை இல்லை.

2. ஒரு வருடம். வெளியே இருந்தது ஒரு வருடத்துக்குக் குறைவாக இருந்தால்தான் அட்டையைக் காட்டி உள்ளே வர முடியும். ஒரு வருடம் ஆகிவிட்டால், பயண ஆவணம் என்ற முறையில் அட்டை செல்லாது. வேறு ஆவணம் வேண்டும்.

3. இரண்டு வருடம். அந்த வேறு ஆவணம்தான் ரீ-என்ட்ரி பர்மிட். அதன் அதிகபட்ச ஆயுள், வழங்கிய நாளிலிருந்து 2 வருடம். நீட்டிப்பு கிடையாது.

இந்தக் கோடுகளைத் தாண்டாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் தாண்டவில்லை என்பது மட்டுமே காப்பாற்றாது.

'தற்காலிகம்' என்றால் என்ன?

நிரந்தர வசிப்பாளர் 'தற்காலிகமாக' வெளியே போய்வரலாம் என்பதே சட்டம். எத்தனை நாள் வரை தற்காலிகம் என்று எங்கும் வரையறுக்கப்படவில்லை. அதை வழக்குகள்தான் செதுக்கியிருக்கின்றன.

அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 1975ல் அமெரிக்கக் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் முடிவு செய்த கேன் வழக்கு. ஜமைக்காவைச் சேர்ந்த ஒரு பெண்மணி. நிரந்தர வசிப்புரிமை இருந்தது. ஊரில் சொந்தமாக ஒரு தங்கும் விடுதி நடத்திக்கொண்டிருந்தார். வருடத்தில் சுமார் 11 மாதம் அங்கே, ஒரு மாதம்போல அமெரிக்காவில். வருடந்தோறும் வந்து போனார். வாரியம் அவர் வசிப்பைக் கைவிட்டுவிட்டார் என்றே சொன்னது. கார்டைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆசை போதாது, வீடு எங்கே இருக்கிறது என்பதே கேள்வி என்றாகிவிட்டது.

நம் வீடுகளில் சொல்லும் 'தலையைக் காட்டும்' உத்திக்கு ஐம்பது வருடத்துக்கு முன்பே பதில் சொல்லியாயிற்று.

அந்த வழக்கு மூன்று அளவுகோல்களைக் கொடுத்தது. இன்றும் அதிகாரிகளும் நீதிபதிகளும் பார்ப்பது இவற்றைத்தான்:

1. எதற்காகப் போனீர்கள்? திட்டவட்டமான ஒரு காரியம் இருந்ததா? சிகிச்சை, படிப்பு, சொத்து விற்பனை, குறிப்பிட்ட கால வேலை ஒப்பந்தம் போல.

2. எப்போது திரும்புவதாக இருந்தது? தேதி இருக்க வேண்டும், அல்லது கூடிய சீக்கிரம் நடந்து முடியக்கூடிய ஒரு நிகழ்வோடு அந்தத் தேதி கட்டப்பட்டிருக்க வேண்டும். 'எல்லாம் சரியானதும் வருவேன்' என்பது பதில் ஆகாது.

3. உங்கள் வீடும் பிழைப்பும் எங்கே இருக்கின்றன? குடும்பம், வேலை, சொத்து, வரி, வங்கி, ஓட்டுநர் உரிமம் எல்லாம் இந்தத் தலைப்பின் கீழ் வரும்.

இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவருமே கற்பனை. முதலாமவர் டாலஸில் வேலை பார்க்கும் பொறியாளர். மதுரையில் அப்பாவுக்குப் பக்கவாதம். கிளம்பும் முன் ரீ-என்ட்ரி பர்மிட்டுக்கு விண்ணப்பித்தார், நிறுவனத்திடம் சம்பளமில்லா விடுப்புக் கடிதம் வாங்கினார், வீட்டை ஒரு வருடத்துக்கு மட்டும் வாடகைக்கு விட்டார், சாமான்களை வாடகைக் கிடங்கில் போட்டார். பிசியோதெரபி இழுத்துக்கொண்டே போனதால் 14 மாதம் தங்கும்படி ஆகிவிட்டது. இரண்டாமவர் ஸ்ரீரங்கத்தில் சொந்த வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. மகளின் மூலம் கார்டு வந்தது. ஐந்து மாதத்துக்கு ஒருமுறை நியூ ஜெர்சி போய் மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்புவார். ஒருமுறைகூட 180 நாளைத் தாண்டியதில்லை.

ஊர்ப் பேச்சின்படி ஆபத்தில் இருப்பவர் பொறியாளர். சட்டத்தின்படி ஆபத்தில் இருப்பவர் ஸ்ரீரங்கத்துக்காரர். பொறியாளரின் வீடு டாலஸில்தான் இருக்கிறது, அவர் மதுரைக்குப் போயிருந்தார். மற்றவரின் வீடு ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது, அவர் அமெரிக்காவுக்குப் போய்வருகிறார்.

கனடா அத்தை சொல்வது ஏன் பொருந்தாது

ஒவ்வொரு பெரிய குடும்பத்திலும் டொரண்டோவில் ஓர் அத்தையோ சித்தப்பாவோ இருப்பார். "ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் இருந்தால் போதுமே" என்பார். அவர் சொல்வது சரி, அவருடைய நாட்டுக்கு.

கனடா நாள் எண்ணும் நாடு. எந்த ஐந்து வருடத்தை எடுத்தாலும் 730 நாள் உள்ளே இருந்திருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, வந்த நாளும் போன நாளும்கூடக் கணக்கில் சேரும். கனடாக் குடிமகனான கணவனோடு அல்லது மனைவியோடு வெளிநாட்டில் இருந்த நாட்களும் சேரும். மனதில் என்ன இருந்தது என்று யாரும் தோண்டுவதில்லை. ஆஸ்திரேலியாவும் ஏறக்குறைய இந்த வகை: பயண அனுமதி முதல் ஐந்து வருடத்துக்கு; பிறகு அதைப் புதுப்பிக்கக் கடந்த ஐந்தில் இரண்டு வருடம் உள்ளே இருந்தீர்களா என்று பார்ப்பார்கள். பிரிட்டனில் தொடர்ச்சியாக இரண்டு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாக வசிப்புரிமை தானாகவே காலாவதி. சிங்கப்பூரில் எல்லாமே ரீ-என்ட்ரி பர்மிட்டைப் பொறுத்தது. அது கையில் செல்லுபடியாக இல்லாமல் வெளியே இருந்தால் நிரந்தர வசிப்பாளர் அந்தஸ்துக்கே ஆபத்து.

அமெரிக்கா எண்ணுவதைவிட அதிகமாக வாசிக்கிறது. உங்கள் வாழ்க்கையை ஒரு கோப்பாக வைத்து வாசிக்கிறது. அதனால் ஒரு நாட்டு அறிவுரையை இன்னொரு நாட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

கனடாவைச் சொல்லும்போது ஈழத்தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 730 நாள் கணக்கு கச்சிதமாக இருந்தும் வசிப்புரிமை போகும் வழி ஒன்று அங்கே உண்டு. அகதியாக ஏற்கப்பட்டு, அதன்வழி நிரந்தர வசிப்புரிமை பெற்றவர், தான் தப்பி வந்த நாட்டின் பாஸ்போர்ட்டை எடுத்து அந்நாட்டுக்கே போய்வந்தால், அந்நாட்டின் பாதுகாப்பைத் தானாகவே மீண்டும் நாடிக்கொண்டார் என்று அரசு மனுப் போடலாம். அது ஏற்கப்பட்டால் அகதிப் பாதுகாப்போடு வசிப்புரிமையும் சேர்ந்து போகும். 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இது. யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாணம், ஒரு செத்தவீடு என்று இலங்கைப் பாஸ்போர்ட்டில் போய்வந்ததுகூட வழக்காகலாம். குடியுரிமை எடுத்துவிட்டவரை இந்த விதி தொடாது.

சரி, அமெரிக்காவுக்குத் திரும்புவோம்.

ரீ-என்ட்ரி பர்மிட்: கிளம்பும் முன் செய்ய வேண்டியது

பார்க்க பாஸ்போர்ட் போலவே இருக்கும் ஒரு சிறு புத்தகம் இது. ஐ-131 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது: விண்ணப்பம் போடும்போது நீங்கள் உடலால் அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டும். சென்னையில் இறங்கிய பிறகு, 'அப்பாவுக்கு நினைத்ததைவிட மோசமாக இருக்கிறது, ஒரு பர்மிட் போட்டுவிடலாம்' என்று ஆன்லைனில் தேடினால் காலம் கடந்துவிட்டது.

அடுத்தது கைரேகை. விண்ணப்பம் போட்ட பிறகு கைரேகை மையத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வரும். சிலருக்குப் பழைய கைரேகையையே எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் அதை நம்பி டிக்கெட் போட முடியாது. அந்த வேலை முடிந்ததும் கிளம்பலாம், பர்மிட் கைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வெளிநாட்டில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு அனுப்பச் சொல்லி விண்ணப்பத்திலேயே கேட்கும் வசதியும் உண்டு. அப்படிச் செய்வது புத்திசாலித்தனம், ஏனென்றால் பரிசீலனைக்குப் பல மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட.

பர்மிட்டால் கிடைப்பது என்ன? வெளியே இருந்த கால அளவை மட்டும் வைத்து 'கைவிட்டார்' என்று சொல்ல முடியாது. அவ்வளவுதான். மற்ற சான்றுகள் எல்லாம் எதிராக இருந்தால் பர்மிட் ஒரு கேடயம் ஆகாது. இரண்டு வருடம் முடிந்ததும் அமெரிக்கா வந்து இன்னொன்று கேட்கலாம். ஆனால் நிரந்தர வசிப்பாளர் ஆனபின், கடந்த ஐந்து வருடத்தில் மொத்தம் நான்கு வருடத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால், பொதுவாக ஒரு வருடத்துக்குத்தான் தருவார்கள். கதவு மெல்லச் சாத்தப்படுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டாம்.

கவுண்டரில் நடப்பது

பதினெட்டு, இருபது மணி நேரப் பயணம். தூக்கம் இல்லை. முன்னால் இருக்கும் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டமாட்டார், திரையைப் பார்ப்பார். நீங்கள் எப்போது வெளியேறினீர்கள், எப்போது உள்ளே வந்தீர்கள் என்ற விவரம் விமானப் பயணிகள் பட்டியல்வழி அங்கே இருக்கும். "எவ்வளவு நாள் வெளியே இருந்தீர்கள்?" என்று அவர் கேட்பது தெரியாமல் இல்லை.

அப்புறம் வருபவை சாதாரணப் பேச்சு மாதிரித் தோன்றும் கேள்விகள். எங்கே வசிக்கிறீர்கள்? இங்கே என்ன வேலை? இந்த முறை எத்தனை நாள் இருப்பீர்கள்? கடைசிக் கேள்விக்கு நம் பெரியவர்கள் வெள்ளை மனதோடு சொல்லும் பதில்: "பேரனைப் பார்க்க வந்தேன், அடுத்த மாதம் ஊருக்குப் போய்விடுவேன்." ஒரே வாக்கியத்தில் ஊர் எது, விருந்தாளி யார் என்பதைச் சொல்லியாயிற்று. இதற்காக யாருக்கும் பொய் சொல்லக் கற்றுத்தர வேண்டியதில்லை. அதிகாரியிடம் பொய் சொல்வது அதைவிடப் பெரிய சிக்கல். அந்தப் பதில் உண்மையாக இருந்தால், பிரச்சினை பதிலில் இல்லை.

அதிகாரிக்குச் சந்தேகம் வலுத்தால் இன்னோர் அறைக்கு அனுப்புவார்கள். அங்கேதான் ஐ-407 மேசைக்கு வரும். தெரிந்திருக்க வேண்டியவை:

1. அந்தக் கையெழுத்து நீங்களாக விரும்பிப் போட வேண்டியது. போடாவிட்டால் கார்டு அங்கேயே போய்விடாது.

2. மறுத்தால், குடியேற்ற நீதிபதி முன் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தரலாம். அட்டையை எடுத்துக்கொண்டால், தீர்ப்பு வரும்வரை அந்தஸ்துக்கான தற்காலிகச் சான்று கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. சிலரைக் காவலில் வைக்கவும் சட்டத்தில் இடமுண்டு என்பதால் மறுப்பது எல்லோருக்கும் சுலபமான காரியமில்லை. ஆனால் அது உங்கள் உரிமை.

3. நீதிமன்றத்தில் நிரூபிக்கும் சுமை அரசுடையது. தெளிவான, ஐயத்துக்கு இடமில்லாத, ஏற்கத்தக்க சான்றோடு 'கைவிட்டார்' என்று காட்ட வேண்டும். சாதாரண சிவில் வழக்கில் கேட்பதைவிட இது அதிகம்.

சோதனை அறையில் பேசும்போது கைப்பையில் இருக்க வேண்டிய காகிதங்கள் எவை என்று கேட்டால், சமீபத்திய அமெரிக்க வருமான வரிக் கணக்கு (1040 படிவம்), வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், வேலை அல்லது விடுப்புக் கடிதம், ஊரில் தங்கியதற்கான மருத்துவச் சான்று. மகள் வீட்டு முகவரி எழுதிய துண்டுச்சீட்டு இந்தப் பட்டியலில் கடைசியில்கூட வராது.

வரியும் வங்கியும்: இரண்டு அரசுகளிடம் இரண்டு கதை

எனக்குத் தெரிந்து மிக அதிகமாக அசட்டை செய்யப்படும் பகுதி இது.

கிரீன் கார்டு இருக்கும்வரை, நீங்கள் உசிலம்பட்டியில் இருந்தாலும் அமெரிக்க வரிச் சட்டத்துக்கு அந்நாட்டு வசிப்பாளர்தான். உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் 1040 படிவத்தில் காட்ட வேண்டும். இந்தியாவில் கட்டிய வரிக்குக் கழிவு உண்டு, ஆனால் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். இந்தியாவிலும் பிற நாடுகளிலும் உள்ள வங்கிக் கணக்குகளின் மொத்தம் வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் எனப்படும் வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கையும் சேரும். இந்திய மியூச்சுவல் ஃபண்டு வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க வரிக் கணக்கு ஒரு தனித் தலைவலி.

இரண்டு நாட்டுக்கும் இடையிலான வரி ஒப்பந்தத்தைக் காட்டி 'நான் இப்போது இந்திய வசிப்பாளர்' என்று சொல்லி அமெரிக்க வரியைக் குறைக்க வழி இருக்கிறது. சில ஆடிட்டர்கள் அதைப் பரிந்துரைப்பதும் உண்டு. வரி மிச்சமாகும், கூடவே, நான் அமெரிக்காவில் வசிக்கவில்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆவணம் ஒன்றும் உருவாகும். குடியேற்ற வழக்கில் அது எந்தப் பக்கம் பேசும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தியப் பக்கமும் கேள்வி கேட்கும். அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின்படி, வேலைக்காகவோ தொழிலுக்காகவோ, எவ்வளவு காலம் என்று நிச்சயமில்லாமல் தங்கும் எண்ணத்தோடோ வந்தவரை இந்திய வசிப்பாளராகவே பார்க்கிறார்கள். வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றிவிட வேண்டும். இங்கே முடிச்சைக் கவனியுங்கள். வங்கியில் 'இங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன், எவ்வளவு நாள் என்று தெரியாது' என்று எழுதிக் கொடுக்கிற அதே ஆள், அமெரிக்கக் கவுண்டரில் 'குறிப்பிட்ட காலத்துக்குத் தற்காலிகமாகப் போயிருந்தேன்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். காலம் குறிப்பிட்ட ஒப்பந்த வேலை என்றால் இரண்டு இடத்திலும் ஒரே உண்மையைச் சொல்லலாம்; நிரந்தர வேலை என்றால் கஷ்டம்தான்.

குடியுரிமைக் கடிகாரம் தனியாக ஓடுகிறது

கார்டு தப்பித்துவிட்டது என்பதால் குடியுரிமைக்கான காலமும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. பொதுவாகக் குடியுரிமைக்கு ஐந்து வருடத் தொடர் வசிப்பும், அதில் 30 மாதம் உடலால் உள்ளே இருப்பதும் வேண்டும். அமெரிக்கக் குடிமகனை மணந்து சேர்ந்து வாழ்பவர்களுக்கு மூன்று வருடம், 18 மாதம். ஒரே பயணம் ஆறு மாதத்தைத் தாண்டினால் தொடர்ச்சி அறுந்தது என்று அனுமானிப்பார்கள். சான்று காட்டி மறுக்கலாம். ஒரு வருடம் ஆகிவிட்டால் அறுந்ததுதான், ரீ-என்ட்ரி பர்மிட் கையில் இருந்தாலும்.

ஓர் உதாரணம். 2021 ஜனவரியில் கார்டு வாங்கியவர், பர்மிட் எடுத்துக்கொண்டு 2023 ஜூனில் ஊருக்குப் போய் 2024 டிசம்பரில் திரும்புகிறார். அவர் 2026 ஜனவரியில் குடியுரிமை கேட்க முடியாது. திரும்பிய நாளிலிருந்து நான்கு வருடம் ஒரு நாள் கழித்து, அதாவது 2028 டிசம்பரில்தான் கேட்கலாம். அப்போதும் ஆறு மாத அனுமானம் நிற்கும் என்பதால், விளக்கம் சொல்லும் தொல்லை வேண்டாம் என்றால் 2029 நடுப்பகுதிவரை பொறுக்க வேண்டும். அமெரிக்க நிறுவனமே வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் என்-470 என்ற விதிவிலக்கு உண்டு; அதற்கும் பொதுவாகக் கார்டு வாங்கிய பின் ஒரு முழு வருடம் இடைவெளியில்லாமல் உள்ளே இருந்திருக்க வேண்டும்.

இந்தியர்களுக்கு இந்தக் கணக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், வேலைவழி கிரீன் கார்டுக்கு நாட்டுக்கு 7 சதவீத வரம்பு வைத்திருப்பதால் பத்து, பதினைந்து வருடம் எச்1பி வேலை விசாவில் காத்திருந்து வாங்கிய கார்டு அது. குடியுரிமைக்கு ஒரு வருடம்தான் பாக்கி என்ற நிலையில் இருப்பவர், முடிந்தால் அதை வாங்கிவிட்டு ஊருக்குப் போவது எல்லாச் சிக்கலையும் ஒரே வெட்டில் முடிக்கும். இந்தியப் பாஸ்போர்ட்டை விட்டு, வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்தியருக்கான ஓசிஐ அட்டைக்கு மாறும் மனச்சங்கடம் வேறு விஷயம்.

பிள்ளைகள்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கம் நமக்கு உண்டு என்பதால் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். கிரீன் கார்டு வைத்திருக்கும் தாய் தற்காலிகமாக ஊருக்கு வந்திருக்கும்போது குழந்தை பிறந்தால், அந்தக் குழந்தைக்குத் தனி விசா தேவையில்லை. ஆனால் குழந்தைக்கு இரண்டு வயது முடியும் முன், அழைத்துப்போகும் பெற்றோர் பிரசவத்துக்குப் பின் அமெரிக்கா திரும்பும் முதல் பயணத்திலேயே கூட்டிப்போக வேண்டும். 'முதலில் நான் போய் வீடு பார்த்துவிட்டு வருகிறேன்' என்று குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு அம்மா ஒரு நடை போய்வந்தால், அம்மாவோடு கூட்டிப்போகும் சலுகை போயிற்று.

கொஞ்சம் வளர்ந்த, கிரீன் கார்டு உள்ள பிள்ளைகளுக்கு, அவர்களின் எண்ணம் என்று தனியாக எதுவும் சட்டத்தில் இல்லை. பெற்றோர் வசிப்பைக் கைவிட்டார்கள் என்றால், அவர்கள் பராமரிப்பில் உள்ள சிறுவயதுப் பிள்ளையும் கைவிட்டதாகவே கொள்வார்கள். கோயம்புத்தூரில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பையனின் கார்டு அவன் அப்பா அம்மா எடுக்கும் முடிவில் தொங்குகிறது.

ஒரு வருடம் தாண்டிவிட்டது, பர்மிட்டும் இல்லை

எஸ்பி-1 எனப்படும் 'திரும்பும் வசிப்பாளர்' விசா ஒன்று இருக்கிறது. தூதரகத்தில் டிஎஸ்-117 படிவத்தோடு கேட்க வேண்டும். கிளம்பும்போது அந்தஸ்து இருந்தது, திரும்பும் எண்ணம் தொடர்ந்து இருந்தது, தாமதம் உங்கள் கைமீறிய காரணத்தால் நேர்ந்தது என்ற மூன்றையும் காட்ட வேண்டும். மூன்றாவதில்தான் பெரும்பாலான மனுக்கள் விழுகின்றன. படுத்த படுக்கையாக இருந்தேன், விமானம் ஏறக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார் என்பது கைமீறிய காரணம். நிலம் விற்கக் காத்திருந்தேன் என்பதை அப்படி ஏற்பது அபூர்வம். விமான நிலையக் கவுண்டரில் உள்ள அதிகாரிக்கும் ஆவண விலக்குத் தரும் அதிகாரம் உண்டு, அது அவர் மனதைப் பொறுத்தது.

பெற்றோருக்கு இது வேண்டுமா?

ஸ்ரீரங்கத்துக்காரரிடம் திரும்புவோம். அவருக்குப் பென்ஷன் இங்கே, டாக்டர் இங்கே, வைகுண்ட ஏகாதசி இங்கே. அமெரிக்காவில் இருப்பது மகளும் பேரனும், அந்தக் குளிரும். கார்டைக் காப்பாற்றவென்றே வருடத்துக்கு இரண்டு முறை முட்டிவலியோடு கடல் தாண்டுகிறார். ஒவ்வொரு முறையும் கவுண்டரில் இதயம் படபடக்கிறது. உலக வருமானத்தை அமெரிக்காவுக்குக் காட்ட வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. என் பார்வையில், இப்படி வாழ்பவருக்குப் பொருந்துவது பி-2 விசிட்டர் விசா. இந்தியர்களுக்கு அதைப் பெரும்பாலும் 10 வருடத்துக்குத் தருகிறார்கள், ஒவ்வொரு வருகைக்கும் வழக்கமாக ஆறு மாதம்வரை தங்க அனுமதி கிடைக்கிறது. பேரனைப் பார்க்க வந்தேன், அடுத்த மாதம் போய்விடுவேன் என்ற அதே பதில் அங்கே சரியான பதில்.

அதற்கு கார்டை முறையாக ஒப்படைக்க வேண்டும். ஐ-407 படிவத்தை விமான நிலையத்தில் நடுங்கிக்கொண்டு நிரப்ப வேண்டியதில்லை, வீட்டில் உட்கார்ந்து நிரப்பி அஞ்சலில் அனுப்பலாம். கடந்த 15 வரி ஆண்டுகளில் 8 ஆண்டுகள் கார்டு வைத்திருந்தவர் என்றால் மட்டும் அதற்கு முன் ஒரு வரி ஆலோசகரைப் பார்ப்பது கட்டாயம், ஏனென்றால் சொத்து 20 லட்சம் டாலரை எட்டும்போது வெளியேறும் வரி குறுக்கே வரலாம். விசிட்டர் விசா நிச்சயம் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை, ஆனால் கார்டைத் தானாக ஒப்படைத்தவர் என்பது அதற்குப் பாதகமான விஷயம் அல்ல. நாளைக்கு இருவரில் ஒருவர் தனியாகி மகளோடு நிரந்தரமாகப் போய் இருக்க வேண்டி வந்தால், குடியுரிமை பெற்ற மகள் புதிதாக மனுப் போடலாம். குடிமக்களின் பெற்றோருக்கு வருடாந்தர எண்ணிக்கை வரம்பு கிடையாது, வேலைவழிக் கார்டுபோல வருடக்கணக்கான வரிசையும் அங்கே இல்லை.